கொக்கிரகுளத்தோடு நிற்காத மனு: ஊர்க் கோரிக்கையைச் சட்டமன்றம், நாடாளுமன்றம் வரை கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ராதாபுரம் பக்கமிருந்தும் மானூர் பக்கமிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்தவர்கள், மனு எழுதிக் கொடுப்பவரைச் சுற்றி நிற்பவர்கள், பழைய மனுவின் நகலைப் பையில் மடித்து வைத்திருப்பவர்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதை ஆக்கிரமிப்பு போன்றவற்றுக்கு அதுதான் சரியான இடம். ஆனால் சட்டமோ அரசாணையோ மாறினால்தான் தீரும் என்கிற பிரச்சினைகளோடும் ஜனங்கள் அதே வரிசையில் நிற்கிறார்கள். கலெக்டர் அந்த மனுவை வாங்கிச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவார். ‘நடைமுறையில் உள்ள விதிகளின்படி வழிவகை இல்லை’ என்று துறை பதில் போடும். விதி அப்படி இருக்கிறது என்பதுதானே நம் குறையே! அதை மாற்றும் அதிகாரம் சென்னைக் கோட்டையிலும் டெல்லியிலும் இருக்கிறது. அங்கே போகிற மனுவை வேறு மாதிரி தயார் செய்ய வேண்டும்.

ஒரு மனு பலிப்பதற்கு அதை வாங்கும் உறுப்பினரின் நல்ல மனசு மட்டும் போதாது. மறுநாளே அவர் சபையில் எழுந்து கேட்கக்கூடிய ஒரு கேள்வியாக அந்த மனு இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான். எடுத்துக்காட்டுக்குக் களக்காடு பக்கத்து வாழை விவசாயிகளையும் காட்டுப்பன்றியையும் எடுத்துக்கொள்கிறேன். மலையடிவாரத்தில் வாழை வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம் அது.

முதல் படி: உங்கள் குறை எந்த வகை?

குறைகளில் இரண்டு வகை உண்டு. இருக்கிற விதிப்படி கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பது ஒரு வகை. பன்றி அழித்த வாழைக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தும் பணம் வரவில்லை என்றால் அது இந்த வகை. வனச்சரக அலுவலகம், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம், திங்கட்கிழமை மனு, முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண் என்று அதற்குப் பாதை இருக்கிறது.

விதியே நமக்குப் பொருந்தவில்லை, அல்லது அப்படியொரு விதியே இல்லை என்பது இரண்டாவது வகை. இழப்பீட்டுத் தொகை சாகுபடிச் செலவுக்கே காணாது, பன்றியை விரட்ட அனுமதிக்கும் எல்லை நம் தோட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்பது மாதிரி. இதைத்தான் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோக வேண்டும். இரண்டையும் ஒரே காகிதத்தில் கலந்து எழுதினால், எளிதாகத் தீர்க்கக்கூடிய முதல் வகைக்கு மட்டும் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள்.

இரண்டாவது படி: அதிகாரம் யார் கையில்?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ரயில், அணுசக்தி, துறைமுகங்களில் பெரியவை எல்லாம் மத்திய அரசு. விவசாயம், பாசனம், உள்ளாட்சி, போலீஸ் மாநில அரசு. காடு, வன உயிரினம், கல்வி, தொழிலாளர் நலம் போன்றவை பொதுப் பட்டியல். அங்கே இரண்டு பேரும் சட்டம் செய்யலாம். ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரியில் தமிழ்நாடு பேரவை விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது பொதுப் பட்டியலில் அந்தப் பொருள் இருந்ததால்தான். கூடங்குளத்தில் நிலைமை வேறு. மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்தி வைக்கும்படி 2011 செப்டம்பரில் மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. அணுசக்தி மத்தியப் பட்டியலில் இருப்பதால் அது மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானமாகத்தான் இருக்க முடிந்தது.

நம் பன்றி விஷயத்துக்கு வருவோம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 நாடாளுமன்றம் போட்டது. அதன் 62-ஆம் பிரிவின்படி ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிரி (வேட்டைத் தடை பொருந்தாத விலங்கு) என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான். ஆனால் 11-ஆம் பிரிவு, பயிரை அழிக்கும் பன்றி போன்ற விலங்கை வேட்டையாட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை மாநிலத்தின் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்குத் தருகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு பேரவையில் வந்த அறிவிப்பும் மாநில அளவில் எடுத்த முடிவுதான். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம். ஆக, தீங்குயிரி அறிவிப்புதான் வேண்டும் என்றால் மனு எம்.பி.க்கு. 3 கி.மீ. கணக்கு மாற வேண்டும், பிடிக்க ஆள் வேண்டும் என்றால் எம்.எல்.ஏ.வுக்கு.

உங்கள் தொகுதி எது என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமான பிறகு திருநெல்வேலி மாவட்டத்தில் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் என ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. களக்காடு நாங்குநேரித் தொகுதியில் வருகிறது. இன்னொன்று: ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும் நாடாளுமன்றத்துக்கு அது திருநெல்வேலித் தொகுதி. அந்தப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள் எம்.பி.க்கு மனு எழுதும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது படி: ஆதாரம் சேர்ப்பது

முதலில் ஊர்த் தீர்மானம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி நடக்கும் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி முன்னதாகவே ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுந்து வாருங்கள். பிறகு தீர்மான எண்ணும் தேதியும் போட்ட சான்றிட்ட நகலை வாங்க வேண்டும். திருக்குறுங்குடி, ஏர்வாடி போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு உறுப்பினர் வழியாக மன்றத் தீர்மானம் போட வைக்கலாம்.

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய்க்குக் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்காதீர்கள். கருத்துக் கேள்வி என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: கடந்த 3 நிதியாண்டுகளில் களக்காடு வனக்கோட்டத்தில் காட்டுப்பன்றிப் பயிர்ச்சேதத்துக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, இழப்பீடு கொடுத்தவை எத்தனை, பிடித்த பன்றிகள் எத்தனை, அதற்கென்று இருக்கிற கூண்டுகளும் பணியாளர்களும் எத்தனை? அரசாங்கம் தன் கையால் எழுதிக் கொடுத்த எண்ணை எந்த அமைச்சரும் இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, நீங்களே எடுக்கும் கணக்கு. ஒரு நோட்டில் தேதி, சர்வே எண், சாய்ந்த வாழை எத்தனை, எத்தனை மாத வாழை, ஏத்தனா வேறு ரகமா என்று ஒரு பருவம் முழுக்க எழுதுங்கள். பன்றி கிழங்கோடு தோண்டிப் போட்ட இடத்தைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். வேலை சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை மனுவுக்கு எடை கொடுப்பது இந்த நோட்டுதான்.

நான்காவது படி: மனு எழுதுவது

நம் பக்கத்து மனுக்களில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

‘எங்கள் பகுதியில் காட்டுப்பன்றிகளால் விவசாயிகள் சொல்லொணாத் துயரம் அனுபவித்து வருகிறோம். பலமுறை முறையிட்டும் பலனில்லை. எனவே சமூகம் கருணை கூர்ந்து உரிய நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் இதைப் படிக்கிற உறுப்பினர் சபையில் எழுந்து எந்த அமைச்சரிடம் என்ன கேட்பார்? ஊர்ப் பெயரை மாற்றினால் இதே மனு எந்த ஊருக்கும் பொருந்தும். இப்போது இதைப் பாருங்கள்:

‘2025 ஜனவரியில் பேரவையில் அறிவிக்கப்பட்ட நடைமுறையின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 முதல் 3 கி.மீ. வரை உள்ள நிலங்களில் காட்டுப்பன்றிகளைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். எங்கள் ஊரின் வாழைத் தோட்டங்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வருகின்றன (வரைபடம், இணைப்பு 1). பிடிப்பதற்கு உள்ள கூண்டுகள், பணியாளர்கள் பற்றி வனத்துறை அளித்த பதில் இணைப்பு 2. கடந்த பருவத்தில் எங்களுக்கு ஏற்பட்ட சேதக் கணக்கு இணைப்பு 3. எனவே, களக்காடு வனக்கோட்டத்துக்குக் காட்டுப்பன்றி பிடிக்கும் தனிக் குழு அமைத்து, அதற்கான நிதியை வரும் வனத்துறை மானியக் கோரிக்கையில் ஒதுக்கும்படி அரசைப் பேரவையில் வலியுறுத்த வேண்டுகிறோம்.’

இது ஒரே கோரிக்கை, ஒரே துறை. எப்போது, எங்கே கேட்க வேண்டும் என்பதும் உள்ளேயே இருக்கிறது (மானியக் கோரிக்கை என்பது ஒரு துறைக்கு வேண்டிய பணத்தைப் பேரவையிடம் கேட்டு நடக்கும் விவாதம்). உறுப்பினரின் உதவியாளர் கடைசி வாக்கியத்தை அப்படியே கேள்வி நோட்டீஸாக மாற்றிவிடலாம்.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்று யோசித்து அதற்கும் ஒரு பத்தி எழுதுங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. ஆகவே வனத்துறையும் இயற்கை ஆர்வலர்களும் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ‘காட்டுக்குள் இருக்கும் விலங்குகள் பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை, பட்டா நிலத்துக்குள் வந்தவற்றைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவதைத்தான் கேட்கிறோம்’ என்று ஒரு வரி சேர்த்தால், மறுத்துப் பேச வருகிறவர்களில் பாதிப்பேர் நம் பக்கம் வந்துவிடுவார்கள்.

மற்றவை எல்லாம் தெரிந்த விஷயங்கள்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, ஐயா அல்லது அம்மா, விஷயம், கோரிக்கை, இடம், தேதி, இப்படிக்கு, இணைப்புகள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. தமிழிலேயே எழுதலாம். குறைதீர்க்கக் கோரி எந்த அதிகாரியிடமும் மத்தியிலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் மனு கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது.

யார் மீதும் வசை வேண்டாம். அலுவலர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால் மனு தனிநபர் புகாராகிவிடும், கொள்கை விஷயம் காணாமல் போகும்.

ஐந்தாவது படி: கையெழுத்து

கையெழுத்து வாங்கும் ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையை இரண்டு வரியில் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் தாளில் வாங்கிப் பின்னால் சேர்த்துத் தைத்தால், ‘நாங்கள் வேறு எதற்கோ போட்டோம்’ என்று ஒருவர் சொன்னாலே மனு கெட்டது. வரிசை எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், கதவு எண், தெரு, கையெழுத்து. ரேகை வைப்பவர்களுக்குப் பக்கத்தில் வாசித்துக் காட்டியவரின் கையெழுத்தும் இருக்கட்டும். ஆதார் எண் வாங்காதீர்கள். அது யாருக்கும் தேவையில்லை, தாள் பத்துக் கை மாறும்.

எல்லாத் தெருவுக்கும் போங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். நம் ஊர்களில் மேலத் தெரு மனு, கீழத் தெரு மனு என்று பிரிந்து போவதுண்டு. அதைப் பார்த்த உடனே அரசியல்வாதி கணக்குப் போட்டுவிடுவார். பன்றி சாதி பார்த்துத் தோட்டத்தில் இறங்குவதில்லை. கூலிக்கு வாழை வெட்டுகிறவர், தார் சுமக்கிறவர், குத்தகைக்கு எடுத்தவர் எல்லோருடைய பிழைப்பும் இதில் இருக்கிறது. பெண்கள் கையெழுத்தை வீட்டு ஆம்பிளை போட்டுக் கொடுப்பதும் கூடாது. அவர்களிடமே கேளுங்கள். சேதம் எந்த மாதம் அதிகம் என்று பல நேரம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

அரசு ஊழியர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. இணையத்தில் சேர்க்கும் கையெழுத்து செய்தியைப் பரப்ப உதவும், ஆனால் தொகுதி வாக்காளரின் மைக் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு அதற்கு வராது.

ஆறாவது படி: உறுப்பினரைப் பார்ப்பது

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனால் பெரும்பாலும் உதவியாளரைத்தான் பார்ப்பீர்கள்.

“அண்ணாச்சி, அவுக மெட்ராஸ்ல இருக்காவ. மனுவைக் குடுத்துட்டுப் போங்க.”

“ஒரு நகல் குடுத்துட்டுப் போறோம் தம்பி. நேர்லயும் அஞ்சு நிமிஷம் சொல்லணும். என்னைக்கு ஊருக்கு வருவாவ?”

தேதி வாங்காமல் திரும்பாதீர்கள். கொடுத்த நகலுக்குப் பெயர், தேதி, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அந்த உதவியாளரைச் சின்ன ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கேள்வி நோட்டீஸை எழுதப்போவது பெரும்பாலும் அவர்தான்.

நேரில் பார்க்கும்போது நாலைந்து பேர் போதும். நிலம் உள்ளவர், குத்தகைக்காரர், ஒரு பெண், கணக்கு நோட்டு வைத்திருப்பவர். பேசுகிறவர் ஒருவராக இருக்கட்டும். உறுப்பினர் கையில் இருக்கும் வழிகளை நீங்களே தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். கேள்வி நேரத்தில் கேட்கலாம். அவசரமான பொது விஷயத்துக்கு அமைச்சரிடம் பதில் கேட்கும் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். அமைச்சருக்குக் கடிதம் எழுதி நகலை நமக்குத் தரலாம். ‘இதில் எதைச் செய்வீர்கள்?’ என்று மரியாதையாகக் கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொகுதி நிதியிலிருந்து ஏதாவது செய்து தருகிறேன் என்று சொல்லக்கூடும். எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும் எம்.பி.க்கு 5 கோடி ரூபாயும் அப்படி உண்டு. நல்லதுதான், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதோடு கோரிக்கை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. கட்டடம் வரும், விதி அப்படியே இருக்கும்.

காலம் முக்கியம். பேரவையில் வழக்கமாக ஆண்டுத் தொடக்கத்தில் ஆளுநர் உரை, பிறகு பட்ஜெட், அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை. துறை அறிவிப்புகள் வருவது அப்போதுதான். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனு கையில் போய்ச் சேர வேண்டும். நாடாளுமன்றத்தில் பட்ஜெட், மழைக்கால, குளிர்காலக் கூட்டத்தொடர்கள். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சராகவோ ஆளுங்கட்சியாகவோ இருந்து கேள்வி கேட்கத் தயங்கினால், பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் போவதில் தவறில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்திலும் பன்றி இருக்கத்தானே செய்கிறது.

அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் தானே கொண்டுவரும் தனிநபர் மசோதா என்ற வழியும் உண்டு. 1970-க்குப் பிறகு அப்படி ஒரு மசோதாவும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. ஆனாலும் தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறி, அரசு தானே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியது. அந்தச் சட்டம் 2019-இல் வந்தது.

ஏழாவது படி: மனுக்கள் குழு

நம்மில் பலருக்குத் தெரியாத வாசல் இது. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. அது மாவட்டம் மாவட்டமாக வருகிறது. வருவதற்கு முன் செய்தித்தாள்களில் மாவட்ட ஆட்சியர் பெயரில் அறிவிப்பு வரும். அதில் வழக்கமாகச் சொல்வது: மனு தமிழில் இருக்க வேண்டும், ஐந்து நகல் வேண்டும், தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும், பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரே பிரச்சினை, ஒரே துறை. முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009.

எதை எடுக்க மாட்டார்கள் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். தனிநபர் குறை, கோர்ட்டில் இருக்கும் விஷயம், வேலைவாய்ப்பு, முதியோர் உதவித்தொகை, பட்டா, வங்கிக்கடன், பணியிட மாற்றம், அலுவலர் மீது புகார் ஆகியவை கூடாது. நாலாவது படியில் ஒரே கோரிக்கை, வசை வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். மனு ஏற்கப்பட்டால் உங்களுக்குத் தகவல் வரும். குழுவின் முன்னிலையில் துறை அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களையும் கேட்பார்கள். அன்றைக்கு அந்தச் சேத நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

மக்களவையிலும் 15 பேர் கொண்ட மனுக்கள் குழு இருக்கிறது. அங்கே மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் மனுதாரர் கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியர்களுக்கா பஞ்சம், கேட்டால் செய்து தருவார்கள். மனு மக்களவையை விளித்து, தெளிவான வேண்டுகோளோடு முடிய வேண்டும். எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்தது போல இதோடு இணைப்புகள் வைக்கக் கூடாது, எல்லாம் மனுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். மாநிலப் பேரவையில் எழுப்ப வேண்டிய விஷயத்தையும், கோர்ட்டில் இருப்பதையும் எடுக்க மாட்டார்கள். எம்.பி. மேலொப்பமிட்டு அவையில் அளித்தால் மதிப்பு கூடும்.

கூட்டமாகப் போவது பற்றி

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனு கொடுக்க ஊர்வலமாகக் கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. கூலி கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கேட்டும் போனவர்கள் அவர்கள். மனு கொடுப்பது நம் உரிமை என்று இந்த ஊரில் சொல்லும்போது அவர்களை நினைக்காமல் சொல்ல முடியாது.

ஊர்வலமோ ஆர்ப்பாட்டமோ நடத்த நினைத்தால் போலீஸ் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நெல்லை மாநகருக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர், வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். பாதை, நேரம், பொறுப்பாளர் பெயர் எல்லாம் எழுதுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தில் கேட்க அது வேண்டும். ஆற்றங்கரை, பாலம் போல ஒதுங்க இடமில்லாத பாதையைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசிப் படி: விடாமல் கேட்பது

ஒரு ஃபைல் போடுங்கள். மனு, ஒப்புகை, தபால் ரசீது, பதில் எல்லாம் தேதி வரிசையில். தபாலில் அனுப்புவதாக இருந்தால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது. ஊரில் இரண்டு பேர் பொறுப்பு எடுக்க வேண்டும். ஒருவருக்கு வேலை வந்தால் இன்னொருவர் பார்ப்பார்.

‘அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அந்தக் கடிதத்தின் மேலே இருக்கும் எண்ணைப் போட்டு, அந்தக் கோப்பின் குறிப்புகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த மேசையில், எந்தக் காரணத்தால் நிற்கிறது என்பது தெரியும். அந்தக் காரணத்தை மட்டும் எடுத்து அடுத்த மனுவை எழுதுங்கள். நிதி இல்லை என்றால் நிதித்துறை மானியத்தின்போது, சட்டம் இடம் தரவில்லை என்றால் எம்.பி.யிடம்.

தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே மனுவைக் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அவர் தோற்கும்போது மனுவும் தோற்றுவிடும்.

கோரிக்கை ஏற்கப்பட்டு அரசாணை வந்துவிட்டால் அதன் எண், தேதி, துறையைக் குறித்து நகல் எடுத்து வனச்சரகம், வட்டாட்சியர் அலுவலகம், வி.ஏ.ஓ., ஊராட்சி அலுவலகம் என்று நாலு இடத்திலும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கோட்டையில் கையெழுத்தான உத்தரவு களக்காட்டுக்கு வந்துசேர மாதங்கள் ஆகலாம், அதற்குள் அடுத்த வாழைப் பருவம் தொடங்கிவிடும்.